மாஸ்டா: தனி வழியில் நூறாண்டு

ஜப்பானியக் கார்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் டொயோட்டாவும் ஹோண்டாவும்தான் முதலில் வரும். நன்றாக உழைக்கும், அதிகம் பழுதாகாது, விற்கப் போனாலும் நல்ல விலை கிடைக்கும் என்பதோடு அந்தப் பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் வாகனங்களை மட்டுமே விற்கும் மாஸ்டாவைப் பற்றி அவ்வளவு சுருக்கமாகப் பேசி முடித்த உரிமையாளர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அந்தக் காரை வைத்திருப்பவர்கள் நெடுநேரம் பேசுகிறார்கள். மனமாரப் புகழ்கிறார்கள், புகழ்ந்த கையோடு குறைகளையும் அடுக்குகிறார்கள். அந்த நிறுவனத்தின் வரலாற்றையும் அதன் கார்களை ஓட்டுபவர்களின் கருத்துகளையும் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு படித்தும் கேட்டும் வந்ததில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. மாஸ்டாவின் நிறைகளும் குறைகளும் வேறு வேறு இடங்களில் பிறந்தவை அல்ல. மற்றவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் போகும்போது தனித்து வேறு பக்கம் போவது என்று அந்நிறுவனம் எடுத்த முடிவுகளே இரண்டுக்கும் காரணம்.

இதைப் புரிந்துகொள்ள ஹிரோஷிமாவிலிருந்து தொடங்க வேண்டும். 1920 ஜனவரியில் அங்கே ‘டோயோ கார்க் கோக்யோ’ என்ற பெயரில் தொடங்கப்பட்டது ஒரு தக்கை உற்பத்தி நிறுவனம். அதற்கும் வாகனங்களுக்கும் அப்போது எந்தத் தொடர்பும் இல்லை. அடுத்த ஆண்டே அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஜூஜிரோ மட்சுதா மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஒசாகாவுக்குப் போய்க் கொல்லுப்பட்டறையில் தொழில் கற்றவர். தம் பெயரிலேயே ஒரு பம்பை வடிவமைத்து விற்றவர். இரும்பைக் கையாளத் தெரிந்த ஒருவர் தக்கையோடு நின்றுவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. 1927-இல் பெயரிலிருந்த ‘கார்க்’ நீங்கியது. இயந்திரக் கருவிகளைத் தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம், 1931-இல் ‘மாஸ்டா-கோ’ என்னும் மூன்று சக்கரச் சரக்கு வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முன்னால் மோட்டார் சைக்கிளைப் போன்ற கைப்பிடியும் பின்னால் சரக்குத் தட்டும் கொண்ட அந்த வண்டிதான் மாஸ்டா என்ற பெயரைத் தாங்கிய முதல் வாகனம்.

1945 ஆகஸ்ட் 6 ஜூஜிரோ மட்சுதாவின் எழுபதாவது பிறந்தநாள். அன்று காலை ஹிரோஷிமாவின் மீது அணுகுண்டு வீசப்பட்டது. குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், ஃபுச்சூவில் இருந்த தொழிற்சாலைக்கும் நகரத்தின் மையத்துக்கும் நடுவே ஹிஜியாமா என்ற சிறு குன்று நின்றதால் கட்டடங்கள் முற்றாக அழியாமல் தப்பின. நகரத்தில் நிற்கும் நிலையிலிருந்த பெரிய கட்டடங்கள் மிகச் சிலவே என்பதால் காயமடைந்தவர்களுக்கு அங்கேயே சிகிச்சை அளிக்கப்பட்டது. ஹிரோஷிமா மாகாண அரசின் அலுவலகமே அந்தத் தொழிற்சாலை வளாகத்துக்கு இடம்பெயர்ந்து, அடுத்த ஆண்டின் நடுப்பகுதி வரை அங்கிருந்து செயல்பட்டது. அந்த நிலையிலும் 1945 டிசம்பரில் மூன்று சக்கர வண்டிகளின் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. எரிந்துபோன நகரத்தை மீண்டும் கட்டி எழுப்பத் தேவையான மரத்தையும் கல்லையும் ஏற்றிச் சென்றவற்றுள் அந்த வண்டிகளும் உண்டு. பின்னாளில் அந்த நகரத்தின் பேஸ்பால் அணியான ஹிரோஷிமா டோயோ கார்ப்பின் பெயரிலேயே நிறுவனத்தின் பழைய பெயர் இடம்பிடித்தது. ஒரு நிறுவனமும் ஓர் ஊரும் இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை அறியாமல், நெருக்கடிக் காலங்களில் மாஸ்டா ஏன் மூழ்கவில்லை என்பதை விளக்க முடியாது.

முதல் பயணிகள் கார் 1960-இல்தான் வந்தது. ஆர்360 கூபே என்ற அந்தக் குட்டிக் காரில் 356 சிசி எஞ்சின். எடை 380 கிலோ. விலை 3 லட்சம் யென். அதே காலத்தில் ஜப்பான் அரசின் வர்த்தக, தொழில் துறை அமைச்சகம் கார் நிறுவனங்களைச் சில பெரிய குழுக்களாக ஒருங்கிணைக்கும் திட்டத்தைப் பேசிக்கொண்டிருந்தது. சிறிய நிறுவனங்கள் பெரியவற்றோடு இணைய வேண்டியிருக்கும் என்பது அதன் பொருள். ஜூஜிரோவின் மகனும் அப்போதைய தலைவருமான சுனேஜி மட்சுதா, வேறு யாரிடமும் இல்லாத ஒரு தொழில்நுட்பம் தம்மிடம் இருந்தால்தான் நிறுவனம் தனித்து நிற்க முடியும் என்று முடிவு செய்தார். அவர் தேடிப்போனது ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்தை. ஃபெலிக்ஸ் வான்கல் உருவாக்கிய ரோட்டரி எஞ்சின் அப்போது அங்கேதான் வளர்ந்துகொண்டிருந்தது.

ரோட்டரி எஞ்சினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். வழக்கமான எஞ்சினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வரும், அந்த ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்ற ஒரு தண்டு வேண்டும், வால்வுகள் வேண்டும். ரோட்டரியில் இவை எதுவும் இல்லை. பக்கங்கள் சற்றுப் புடைத்த முக்கோண வடிவச் சுழலி ஒன்று, பட்டுப்புழுக் கூட்டைப் போல நடுவில் ஒடுங்கிய அறைக்குள் சுற்றி வருகிறது. சுழலியின் மூன்று பக்கங்களும் அறையின் சுவரோடு சேர்ந்து மூன்று தனித்தனி இடைவெளிகளை உண்டாக்குகின்றன; சுழலி சுற்றச் சுற்ற அந்த இடைவெளிகள் விரிந்தும் சுருங்கியும் எரிபொருளை உள்ளிழுத்து, அமுக்கி, எரித்து, வெளியேற்றுகின்றன. உறுப்புகள் குறைவு, எடை குறைவு, அதிர்வு மிகக் குறைவு. ஆனால் முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் பொருத்தப்பட்ட மெல்லிய சீல்கள், வாயு ஓர் இடைவெளியிலிருந்து அடுத்ததற்குக் கசியாமல் காத்தபடி, எந்நேரமும் சுவரை உரசிக்கொண்டே ஓட வேண்டும். ஏபெக்ஸ் சீல் எனப்படும் அந்தச் சிறு பட்டைகளில்தான் அந்த எஞ்சினின் விதி எழுதப்பட்டிருக்கிறது.

1963-இல் ரோட்டரி ஆய்வுத் துறை தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பு கெனிச்சி யமமோட்டோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரோடு சேர்ந்த பொறியாளர்களின் எண்ணிக்கை 47 என்பதால், தலைவனை இழந்த பின்னும் கடமை தவறாத 47 சாமுராய்களின் பெயராலேயே அந்தக் குழுவை ஜப்பானியர்கள் இன்றும் அழைக்கிறார்கள். சோதனை எஞ்சின்களைச் சில காலம் ஓட்டிவிட்டுத் திறந்து பார்த்தபோது உட்சுவர் முழுவதும் சீரான இடைவெளியில் வரிவரியாகக் கீறல்கள் இருந்தன; அவற்றுக்குச் சாத்தானின் நகக்கீறல்கள் என்று பொறியாளர்கள் பெயர் வைத்தார்கள். சீல்கள் சுவரை உரசும்போது அவற்றின் இயல்பான அதிர்வெண்ணில் அதிர்ந்து துள்ளுவதே காரணம் என்பது நெடிய ஆய்வுக்குப் பிறகு தெரிந்தது. சீலில் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அதிர்வெண்ணை மாற்றியபோது கீறல்கள் மறைந்தன. உற்பத்திக்கு வந்தபோது அலுமினியம் ஊட்டப்பட்ட கார்பன் சீல்கள் பயன்படுத்தப்பட்டன. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. இரண்டு சுழலிகள் கொண்ட ரோட்டரி எஞ்சினுடன் வரிசையாக உற்பத்தி செய்யப்பட்ட முதல் கார்கள் அந்த ஆண்டில்தான் பிறந்தன. மொத்தம் 1,176 கார்களே தயாரிக்கப்பட்டாலும், அவற்றில் இரண்டை 1968-இல் ஜெர்மனியில் நடந்த 84 மணி நேரத் தொடர் ஓட்டப் போட்டிக்கு அனுப்பியதும், ஒன்று நான்காம் இடத்தில் முடித்ததும் அந்தக் குழுவின் உழைப்புக்கு வெளியுலகம் அளித்த முதல் சான்று. அதே 1967-இல் ரோட்டரி எஞ்சினோடு வெளிவந்த என்எஸ்யு-வின் ஆர்ஓ 80 காரோ சீல் தேய்மானத்தால் பெயர் கெட்டது. 1969-இல் அந்த நிறுவனம் ஃபோக்ஸ்வாகனின் கைக்குப் போய்விட்டது.

ரோட்டரி எஞ்சினின் அமைப்பிலேயே இரண்டு குறைகள் பிரிக்க முடியாதபடி இருக்கின்றன. எரி அறை நீண்டும் தட்டையாகவும் இருப்பதாலும், எரியும்போதே இடம் மாறிக்கொண்டிருப்பதாலும் எரிபொருள் முழுமையாக எரிவதில்லை. ஆகவே பெட்ரோல் செலவு அதிகம். சீல்களுக்கு உயவு வேண்டும் என்பதற்காக எஞ்சின் ஆயிலில் கொஞ்சத்தை எரி அறைக்குள்ளேயே செலுத்த வேண்டியிருக்கிறது. ஆகவே நல்ல நிலையில் உள்ள எஞ்சினும் ஆயில் குடிக்கும். 1970-இன் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் கடும் வரம்புகளை எட்டிக் காட்டிய மாஸ்டா, ரோட்டரியே எதிர்காலம் என்று நம்பித் தன் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அதைப் பொருத்தத் தொடங்கிய நேரத்தில், 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அமெரிக்க அரசின் அளவீடுகளில் மாஸ்டாவின் மைலேஜ் மிகக் குறைவு என்ற செய்தி பரவியதும் விற்பனை சரிந்தது. சுமிட்டோமோ வங்கி கைகொடுத்தது. தொழிற்சாலை ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் விற்பனை நிலையங்களுக்கு அனுப்பப்பட்டு வீடு வீடாகப் போய்க் கார் விற்றார்கள். மூன்றாம் தலைமுறைத் தலைவரான கோஹெய் மட்சுதா 1977-இல் பதவி விலகியதோடு குடும்பத்தின் ஆட்சி முடிவுக்கு வந்தது. 1979-இல் ஃபோர்டு நிறுவனம் ஏறத்தாழ கால் பங்குப் பங்குகளை வாங்கியது.

வேறு எந்த நிறுவனமாக இருந்தாலும் இந்த இடத்தில் ரோட்டரியைக் கைவிட்டிருக்கும். மாஸ்டா அதைக் குடும்பக் கார்களிலிருந்து எடுத்து, அதன் இயல்புக்குப் பொருத்தமான விளையாட்டுக் காருக்கு மாற்றியது. 1978-இல் வந்த ஆர்எக்ஸ்-7, மூன்று தலைமுறைகளில் 2002 வரை 8 லட்சத்துக்கும் மேல் விற்றது. எஞ்சின் அவ்வளவு மிருதுவாகச் சுழல்வதால் ஓட்டுநர் தம்மை அறியாமலே எஞ்சினின் சுழற்சி வரம்பைத் தாண்டிவிடுவார் என்று, அந்த வரம்பைக் காட்டும் சிவப்புக் கோட்டை முள் நெருங்கும்போது ஒலிக்கும் எச்சரிக்கை மணி ஒன்றை அதில் வைத்திருந்தார்கள். 1991 ஜூனில் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு சுழலிகள் கொண்ட 787பி கார், முன்னிலையில் இருந்த மெர்சிடிஸ் கடைசிச் சில மணி நேரங்களில் பழுதாகி நின்றபின், 362 சுற்றுகளை முடித்து வென்றது. அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம் அதுவே. அடுத்த ஜப்பானிய வெற்றிக்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசிக் கட்டத்தை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் உடலில் நீர் வற்றி மயங்கியதால் பரிசு மேடை ஏற முடியாமல் போனது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

ரோட்டரிக் கார் வைத்திருப்பவர்களோடு பேசினால் அவர்கள் காரைப் பற்றிப் பேசும் விதமே வேறாக இருப்பதைக் கவனிக்கலாம். பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் முன்மூடியைத் திறந்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்து, ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பது அவர்களுக்கு அனிச்சைச் செயலாகிவிட்டது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, காரைப் பத்தடி நகர்த்திவிட்டு உடனே அணைக்க மாட்டார்கள்; அணைத்தால் எரியாத பெட்ரோல் உள்ளே தேங்கி, தீப்பொறிச் செருகிகளை நனைத்து, அடுத்த முறை எஞ்சின் கிளம்ப மறுக்கும். எஞ்சின் சூடேறிய பிறகு அவ்வப்போது சிவப்புக் கோடு வரை முடுக்கி ஓட்டுவது கரி படிவதைத் தடுக்கும் என்பது அவர்களிடையே ஏறக்குறைய ஒரு விதி. டூ-ஸ்ட்ரோக் ஆயிலைச் சிறிதளவு பெட்ரோலில் கலந்து ஊற்றுபவர்களும் உண்டு. அது தேவையா இல்லையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இந்தப் பழக்கங்களை அறியாமல் வாங்கியவர்களின் அனுபவம் கசப்பானது. 2003-இல் வந்த ஆர்எக்ஸ்-8, எதிரெதிராகத் திறக்கும் கதவுகளும் நான்கு பேருக்கு உட்கார இடமும் கொண்டிருந்ததால், விளையாட்டுக் கார் ஓட்டிப் பழக்கமில்லாத பலரையும் ஈர்த்தது. சாதாரணக் காரைப் போல அதைப் பயன்படுத்தியவர்கள் ஆயில் அளவைப் பார்க்கவில்லை; குறுகிய தூரங்களுக்கே ஓட்டினார்கள்; பற்றவைப்புச் சுருள்கள் பலவீனமானதையும் கவனிக்கவில்லை. அமுக்கம் குறைந்து எஞ்சின் மாற்ற வேண்டிய நிலை பலருக்கு வந்தது. அமெரிக்காவில் ஆரம்பகால ஆர்எக்ஸ்-8 கார்களின் எஞ்சினுக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டுகள் அல்லது 1 லட்சம் மைல் என நிறுவனமே நீட்டித்துக் கொடுத்தது. பழுதை உரிமையாளர் தலையில் கட்டாமல் அந்தச் சுமையை ஏற்றது சரியான செயல் என்று நினைக்கிறேன். ஆனால் விற்பனை நிலையத்தில் சாவியைக் கொடுக்கும்போதே ஆயில் பற்றி வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பாதி எஞ்சின்கள் பிழைத்திருக்கும் என்ற உரிமையாளர்களின் ஆதங்கத்திலும் நியாயம் இருக்கிறது.

இனி எம்எக்ஸ்-5. என் பார்வையில் மாஸ்டா செய்த மிகச் சிறந்த கார் இதுதான். எடை குறைந்த, திறந்த கூரையுடைய, பின்சக்கர இயக்கம் கொண்ட இருவர் கார் என்ற வகையே 1980-களில் ஏறக்குறைய அழிந்துவிட்டிருந்தது; பிரிட்டிஷ் நிறுவனங்கள் அதைக் கைவிட்டிருந்தன. அப்படி ஒன்றை மாஸ்டா செய்ய வேண்டும் என்று பாப் ஹால் என்ற அமெரிக்க வாகனப் பத்திரிகையாளர் யமமோட்டோவிடம் சொன்னார். பிறகு அவரே மாஸ்டாவில் வேலைக்குச் சேர்ந்தார். தொஷிஹிகோ ஹிராய் தலைமையில் உருவான அந்தக் கார் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது. 1.6 லிட்டர் எஞ்சின். ஆயிரம் கிலோவுக்கும் குறைவான எடை. முன்னும் பின்னும் சமமாகப் பங்கிடப்பட்ட பாரம். குதிரையும் வீரனும் ஓருடலாக இயங்க வேண்டும் என்ற கருத்தை வடிவமைப்பின் அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தயாரானது. உலகில் மிக அதிகமாக விற்ற இருவர் விளையாட்டுக் கார் என்ற கின்னஸ் சாதனை அதன் வசம் இருக்கிறது.

தற்போதைய தலைமுறை எம்எக்ஸ்-5-இல் அமர்ந்து கூரையைத் திறந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். முன்கண்ணாடிக்கு மேலே நடுவில் ஒரே ஒரு கொக்கி. அதை விடுவித்து, இருக்கையில் அமர்ந்தபடியே ஒரு கையால் கூரையைப் பின்னால் தள்ளி அழுத்தினால் ‘கிளிக்’ என்று பொருந்திக்கொள்ளும். மோட்டாரோ பொத்தானோ கிடையாது, காத்திருக்கவும் வேண்டியதில்லை. மோட்டார் வைத்திருந்தால் எடை கூடியிருக்கும் என்பதுதான் காரணம். வடிவமைப்பாளர்கள் ஒவ்வொரு கிராமையும் கணக்குப் பார்த்தார்கள். கியர் கம்பியின் அசைவு மணிக்கட்டு அளவிலேயே முடிந்துவிடும். திருப்பங்களில் காரின் பின்பகுதி என்ன செய்கிறது என்பதை இருக்கை வழியாகவே உணரலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போதே மனம் நிறைந்துவிடுகிறது என்று உரிமையாளர்கள் சொல்வது மிகையல்ல. சக்தி வாய்ந்த கார்கள் பலவற்றில் அந்த நிறைவுக்கு ஆபத்தான வேகத்தைத் தொட வேண்டியிருக்கும்.

குறைகளும் அதே இடத்திலிருந்துதான் வருகின்றன. உயரமானவர்களுக்கு முழங்காலும் தலையும் இடிக்கும். நான்காம் தலைமுறையில் ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி தொடக்கத்தில் இல்லை, சில ஆண்டுகள் கழித்தே வந்தது. பொருள் வைக்க இடம் குறைவு; நெடுஞ்சாலையில் கூரை மூடியிருந்தாலும் இரைச்சல் அதிகம். முதல் இரண்டு தலைமுறைக் கார்களில் கூரையிலிருந்து வடியும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகுழாய்கள் வழியாகக் கீழே இறங்கும். இலைச் சருகும் மண்ணும் சேர்ந்து அந்தக் குழாய்கள் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளேயே தேங்கி, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தை உள்ளிருந்து அரித்துவிடும். வெளியே சாயம் குமிழ் விடும்போது உள்ளே பாதி போயிருக்கும். வளையும் கம்பி ஒன்றை விட்டு அந்தக் குழாயை ஆண்டுக்கொரு முறை துப்புரவு செய்வதைப் பழைய உரிமையாளர்கள் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். இதில் மாஸ்டா செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை 2017-இல் ஜப்பானில் அறிவித்து, உற்பத்தி நின்றுபோயிருந்த உதிரிபாகங்களையும் அந்தக் காலத்து வடிவ டயர்களையும்கூட மீண்டும் தயாரிக்க ஏற்பாடு செய்தது. விற்று முடித்த காரை மறந்துவிடுவதே வழக்கமாகிவிட்ட ஒரு தொழிலில் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1990-களின் கதையை வேகமாகக் கடந்துவிடலாம். பொருளாதாரம் வீங்கியிருந்த காலத்தில் மாஸ்டா ஜப்பானில் ஐந்து தனித்தனி விற்பனைப் பெயர்களைத் தொடங்கியது. வீக்கம் வடிந்ததும் அது பெரும் சுமையானது. 1996-இல் ஃபோர்டு தன் பங்கை 33.4 சதவீதமாக உயர்த்தியது. ஹென்றி வாலஸ் தலைவரானார். ஜப்பானியக் கார் நிறுவனம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் வெளிநாட்டவர் அவரே. 2008-இன் நிதி நெருக்கடிக்குப் பின் ஃபோர்டு படிப்படியாக விலகியது. அந்தக் கால மாஸ்டா 3, மாஸ்டா 6 கார்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டால் ஓட்டும் சுகத்தைப் புகழ்ந்துவிட்டு உடனே துருவைப் பற்றிச் சொல்வார்கள். பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் நாடுகளில் அவற்றின் பின்சக்கர வளைவுகள் சில ஆண்டுகளிலேயே அரித்துப்போயின. இதற்கு எந்தத் தனி வழியும் காரணம் அல்ல. இது வெறும் குறைதான்.

ஃபோர்டு விலகியபின் மீண்டும் தனியாக நின்ற மாஸ்டா, எஞ்சின், கியர்பெட்டி, உடற்சட்டம், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதிதாக வடிவமைத்தது. ஸ்கைஆக்டிவ் என்ற பெயரில் 2011 முதல் வந்த அந்தத் தொகுப்பு துணிச்சலானது. மற்றவர்கள் எஞ்சினைச் சிறிதாக்கி டர்போ பொருத்திக்கொண்டிருந்தபோது, இவர்கள் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினின் அமுக்க விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் வாயு எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அளவை, 14-க்கு உயர்த்தினார்கள். மற்ற டீசல் எஞ்சின்கள் 16-க்கு மேல் இருக்க, தங்கள் டீசலை அதே 14-க்கு இறக்கினார்கள். அமுக்கம் குறைந்ததால் எரிதல் சீராகி, நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் தனிக் கருவி இல்லாமலே ஐரோப்பாவின் யூரோ 6 புகை வரம்பை அந்த டீசல் எட்டியது. முதல் ஆர்எக்ஸ்-7-ஐ வடிவமைத்த மட்டசபுரோ மயேதாவின் மகன் இகுவோ மயேதா, கார்களின் புறத்தோற்றத்துக்குப் புதிய மொழியைக் கொடுத்தார்.

ஓட்டுபவரின் வசதிக்காக இந்தக் காலத்தில் செய்யப்பட்ட சிறு வேலைகள் விளம்பரங்களில் அதிகம் பேசப்படாதவை. ஆக்சிலரேட்டர் மேலிருந்து தொங்காமல் தரையில் பொருத்தப்பட்டிருப்பதால் குதிகால் ஓரிடத்தில் நிலைத்திருந்து, முன்பாதம் மட்டும் அசைகிறது. நெடும் பயணத்தின் முடிவில் கணுக்கால் வலிக்காததற்கு அது ஒரு காரணம். முன்சக்கரங்களைச் சற்று முன்னுக்குத் தள்ளி வைத்ததால் பெடல்கள் ஒரு பக்கம் ஒதுங்காமல் ஓட்டுநருக்கு நேராக அமைந்திருக்கின்றன. ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கும் நொடியில் எஞ்சினின் முறுக்குவிசையை மிகச் சிறிதளவு குறைத்து முன்சக்கரங்களின் மேல் பாரத்தை இறக்கும் ஏற்பாடு 2016-இல் வந்தது. பயணிகள் அதை உணரமாட்டார்கள். ஆனால் ஸ்டீயரிங்கில் ஓயாமல் செய்யும் நுண்ணிய திருத்தங்கள் குறைவதால் களைப்பும் குறைகிறது. அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2020-இல் உரிமையாளர்களிடம் நடத்திய நம்பகத்தன்மைக் கணிப்பில் மாஸ்டா முதலிடம் பெற்றதும் இந்தத் தலைமுறைக் கார்களால்தான்.

அதே கார்களின் உரிமையாளர்கள் சொல்லும் குறைகளையும் கேட்க வேண்டும். பின்னிருக்கையில் இடம் குறைவு. 2019-இன் மாஸ்டா 3-இல் பின்பக்கத் தூண் தடித்திருப்பதால் பின்னோக்கிப் பார்ப்பது கடினம். சிவப்புச் சாயம் கண்ணைப் பறிக்கும், ஆனால் சிறு கல் பட்டாலும் பொரிந்துவிடும். ஓட்டும்போது கவனம் சிதறக்கூடாது என்று தொடுதிரையை நீக்கிச் சுழற்றும் குமிழ் வைத்ததைச் சிலர் போற்றுகிறார்கள், கைப்பேசிச் செயலிகளைக் காரின் திரையில் பயன்படுத்துபவர்கள் வெறுக்கிறார்கள். நான் குமிழின் பக்கம். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலால் எண்ணிச் சுழற்றிப் பாட்டை மாற்ற முடிகிறது என்பதைவிட வேறு வாதம் எனக்குத் தேவைப்படவில்லை.

மிகப் பெரிய முறையீடு டீசலைப் பற்றியது. குறைந்த அமுக்கம் தந்த நன்மைகளோடு, குறுகிய தூரமே ஓடும் கார்களில் உட்செல்லும் காற்றுவழியில் கரி படியும் சிக்கலும் வந்தது. ஜப்பானில் இதற்காகக் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. புகை வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க, எஞ்சின் கூடுதலாக டீசலைத் தெளிக்கும். அந்தச் சுழற்சி முடிவதற்குள் காரை அணைத்துவிட்டால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலோடு கலக்கும். எனவே இந்தக் கார்களில் ஆயிலின் அளவு குறைவதற்குப் பதிலாக உயர்ந்துகொண்டே போகும். ரோட்டரி உரிமையாளர் டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டைப் பார்த்து அஞ்சுகிறார். டீசல் உரிமையாளர் மேல்கோட்டுக்கும் மேலே உள்ள பெருக்கல் குறியைப் பார்த்து அஞ்சுகிறார். தினமும் நெடுந்தூரம் போகிறவர்கள் இதே எஞ்சினைக் குறையே சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

2022-இல் வந்த சிஎக்ஸ்-60 என்ற எஸ்யூவி, மாஸ்டாவின் தனி வழிக்கு இன்னொரு சான்று. மின்சாரக் கார்களை நோக்கி எல்லோரும் நகரும் காலத்தில், ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் கொண்ட 3.3 லிட்டர் டீசல் எஞ்சினைப் புதிதாக வடிவமைத்தார்கள். அதன் சிக்கனத்தை ஐரோப்பிய உரிமையாளர்கள் பாராட்டினார்கள். பின்பக்கச் சஸ்பென்ஷன் குலுக்குகிறது என்று கடுமையாகக் குறைகூறினார்கள். நிறுவனமும் பிறகு அதைத் திருத்தியது.

ரோட்டரி 2023-இல் எம்எக்ஸ்-30 ஆர்-இவி காரில் திரும்பி வந்தது. 830 சிசி கொண்ட ஒற்றைச் சுழலி, சக்கரங்களை நேரடியாக இயக்காமல் மின்கலத்துக்கு மின்சாரம் உற்பத்தி செய்கிறது. பழைய ரசிகர்கள் பலருக்கு இதில் மனக்குறைதான்; ரோட்டரி என்றால் சிவப்புக் கோடு வரை பாடிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். எனக்கு அந்த மனக்குறை இல்லை. சிறிய இடத்தில் அடங்கும், அதிர்வு இல்லாத எஞ்சின் ஒன்று ஜெனரேட்டர் வேலைக்கு மிகப் பொருத்தமானது. தேய்மானத்தைக் குறைக்க ஏபெக்ஸ் சீலின் தடிமனை 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ரோட்டரிக்கான தனி மேம்பாட்டுக் குழுவும் மீண்டும் அமைக்கப்பட்டது.

பழைய மாஸ்டா ஒன்றை வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்டால் காரின் வகையைப் பொறுத்துப் பதில் சொல்வேன். ஆர்எக்ஸ்-8 என்றால், ரோட்டரிக்கென்றே உள்ள அமுக்கமானியால் ஒவ்வொரு சுழலியின் மூன்று பக்கங்களையும் தனித்தனியாக அளந்து காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அணைத்து, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் கிளப்பிப் பாருங்கள். தடுமாறினால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். எம்எக்ஸ்-5 என்றால், கதவுக்குக் கீழேயுள்ள சட்டத்தை, பின்சக்கரத்துக்கு முன்னால் விரலால் அழுத்திப் பாருங்கள். டீசலில் ஓடும் சிஎக்ஸ்-5 எஸ்யூவி என்றால், விற்பவர் அன்றாடம் எவ்வளவு தூரம் ஓட்டினார் என்று முதலில் கேளுங்கள். அதன் பிறகு டிப்ஸ்டிக்கை எடுங்கள்.